காப்புநகல் (பட்டு நெசவு வணிகம்)

காப்புநகல் என்பது கணினியில் உள்ள கோப்புகள் அழிந்தாலோ பழுதடைந்தாலோ மீட்டெடுப்பதற்காக வேறோர் இடத்தில் வைக்கப்படும் படி ஆகும். பேச்சு வழக்கில் இது பேக்கப் எனப்படுகிறது. பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனிப் பணியாளர்கள் உள்ளனர். ஒன்றிரண்டு கணினிகளை மட்டுமே கொண்ட சிறு வணிகங்களில் இப்பணி பெரும்பாலும் கணக்கரின் நினைவை நம்பியே நடக்கிறது. காஞ்சிபுரத்தின் பட்டுச் சேலை உற்பத்தி அத்தகைய வணிகங்கள் நிறைந்த ஒரு துறை.

வடிவமைப்புக் கோப்புகள்

சேலையின் கரையிலும் முந்தானையிலும் வரும் உருவங்களை நெய்ய ஜக்கார்டு பொறி பயன்படுகிறது. 1804 இல் பிரான்சு நாட்டின் ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய இப்பொறியில், உருவத்தின் ஒவ்வோர் ஊடை வரிக்கும் ஒரு துளை அட்டை உண்டு. துளை உள்ள இடத்தில் கொக்கி உயரும்; துளை இல்லாத இடத்தில் உயராது. முன்பு கட்டத்தாளில் கையால் வரையப்பட்ட உருவங்கள் இன்று கணினியில் வரையப்பட்டு, அதிலிருந்து அட்டைகள் குத்தப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டையே இல்லை. கோப்பு நேரடியாகக் கொக்கிகளை இயக்குகிறது.

240 கொக்கிகளும் 1,000 வரிகளும் கொண்ட ஓர் உருவத்தில் 2,40,000 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு எனக் கொண்டால் இது சுமார் 30 கிலோபைட்டு மட்டுமே. ஆயிரம் உருவங்கள் சேர்ந்தாலும் 30 மெகாபைட்டு அளவில் அடங்கிவிடும். பல நாள் உழைப்பில் உருவான கோப்பைக் காப்பதற்கு ஆகும் இடச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கோப்பு தொலைந்தாலும் பழைய அட்டைக் கட்டிலிருந்தோ நெய்த சேலையிலிருந்தோ உருவத்தை மறுபடி வரைந்துவிடலாம். காலம் பிடிக்கும், அவ்வளவே.

நெசவாளர் கணக்கு

கணக்குக் கோப்பின் நிலை வேறு. நெசவாளர் பலர் தம் வீட்டுத் தறியிலேயே நெய்கின்றனர். பாவையும் ஊடைப் பட்டையும் சரிகையையும் உற்பத்தியாளரோ கூட்டுறவுச் சங்கமோ எடை போட்டுக் கொடுப்பது வழக்கம். நெய்த சேலை திரும்பி வரும்போது அதன் எடை சரிபார்க்கப்பட்டு, கூலியிலிருந்து முன்பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. கொடுத்த சரிகை எவ்வளவு, முன்பண நிலுவை எவ்வளவு என்பதற்குச் சேலையில் எந்தத் தடயமும் இல்லை. கோப்பு அழிந்தால் இரு தரப்பின் நினைவே சான்றாக எஞ்சும். அவ்வழக்கில் வலுவற்ற தரப்பு நெசவாளரே. அவர் கையில் உள்ள பதிவுப் புத்தகத்தை அவ்வப்போது எழுதிக் கொடுப்பதும் ஒருவகைக் காப்புநகல்தான்.

இழப்பு நேரும் விதம்

வன்தட்டுப் பழுது, திருட்டு, தவறுதலாக அழித்தல் ஆகியவை பொதுவான காரணங்கள். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பிள்ளையார்பாளையத்தில் மூலக் கோப்பும் காந்தி சாலைக் கடையில் நகலும் இருப்பது திருட்டுக்கும் தீ விபத்துக்கும் போதும். ஊர் முழுவதையும் தாக்கும் வெள்ளத்திற்குப் போதாது.

2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. கணினியுடன் எந்நேரமும் இணைந்திருக்கும் வெளி வன்தட்டும் அவற்றுக்கு இரையாகும். எனவே நகலெடுத்தவுடன் அதைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

முறைகள்

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது: மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வெளியிடத்தில். மேகச் சேமிப்பகம் வெளியிடமாகப் பயன்படலாம். ஆனால் ஒத்திசைவும் காப்புநகலும் ஒன்றல்ல. ஒத்திசைவில் உள்ள கோப்பை இங்கு அழித்தால் அங்கும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி அதை 30 நாட்களே வைத்திருக்கும். ஆகவே பழைய நாள்களின் படிகளைத் தனித்தனியே வைத்திருப்பது அவசியம்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் காப்புநகலுக்கெனத் தனிக் கட்டளை கொண்டுள்ளன. மென்பொருள் இயங்கும்போது கோப்புறையை மட்டும் படியெடுத்தால் பாதி எழுதிய பதிவும் நகலாகிவிடக்கூடும்.

மீட்டுப் பார்த்தல்

நகல் இருப்பதாக நம்புவதும் அது திறப்பதும் வேறு. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தார். காப்புநகலுக்கும் பிரதியாக்கத்திற்கும் என இருந்த ஐந்து முறைகளில் எதுவும் நம்பும்படி இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு படியே கைகொடுத்தது. நிபுணர்கள் நிறைந்த மென்பொருள் நிறுவனத்திலேயே இந்நிலை. சிறு வணிகத்தில் மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் நகலைத் திறந்து, ஒரு நெசவாளரின் நிலுவையையும் ஓர் உருவத்தையும் மூலத்துடன் ஒப்பிட்டால் போதும். அரை மணி நேர வேலை. நகல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தால், அச்சொல் அதே கணினியில் மட்டும் இருக்கக்கூடாது.

சட்டம்

2017 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி முறையில், பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மின்னணுப் பதிவுகள் விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ அழிந்தால் நியாயமான காலத்திற்குள் மீட்கும் வகையில் காப்புநகல் பேணப்பட வேண்டும் என்று அவ்வரி விதிகளின் 57 ஆம் விதி கூறுகிறது. நிறுமங்களாகப் பதிவு செய்தவை, 2022 ஆகஸ்டு மாதத் திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்கேடுகளின் காப்புநகலை இந்தியாவில் உள்ள வழங்கியில் நாள்தோறும் எடுக்க வேண்டும். தனியுரிமை வணிகங்களுக்கு இத்திருத்தம் பொருந்தாது.