கண்ணுல நெல் தூசி விழுந்துடுச்சா? பார்வையைப் பறிக்கும் 'கருவிழிப் புண்'... தடுப்பது எப்படி?

கதிரடிக்கும்போது நெல்லோ, வைக்கோல் தூசியோ கண்ணில் பட்டால் என்ன செய்வோம்? கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். 'நாளைக்குச் சரியாயிடும்' என்று விட்ட அந்தச் சின்னக் கீறல், சிலருக்கு அந்தக் கண்ணின் பார்வையையே பறித்துவிடுகிறது.

எப்படி வருகிறது?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பது கருவிழி. நெல், கரும்புத் தோகை, மாட்டு வால் என எது பட்டுக் கீறல் விழுந்தாலும், அந்த வழியாக பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே போய்ப் புண்ணாக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். கிராமங்களில் 'கண்ணுல பூ விழுந்துடுச்சு' என்பார்களே, பெரும்பாலும் அது இதுதான்.

தமிழ்நாட்டில் எவ்வளவு பேருக்கு?

மதுரை மாவட்டம் பற்றி 1996-ல் வெளியான ஆய்வின்படி, ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 11 பேருக்கு இந்தப் புண் வந்தது. நம்ம ஊரில் பூஞ்சையால் வருவதும் அதிகம். மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளே முக்கியக் காரணம்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

* கண்ணைக் கசக்குவது
* நாக்காலோ, துணி முனையாலோ தூசி எடுப்பது
* தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவது
* மெடிக்கலில் கேட்டு சொட்டு மருந்து போடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும்.

அப்போ என்ன செய்யணும்?

சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். ஏதாவது குத்தி நின்றால் நீங்களே இழுக்க வேண்டாம். உறுத்தல் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி... இதில் எது இருந்தாலும் அவசரம்தான். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது.

அன்றைக்கே ஏன்?

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து, 2001-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் 1 சதவீத குளோராம்பெனிகால் களிம்பை தினமும் 3 வேளை, 3 நாள் கொடுத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த யாருக்கும் புண் வரவில்லை. அதற்காக நீங்களே களிம்பு வாங்கிப் போடாதீர்கள். கண்ணைப் பரிசோதித்த பிறகுதான் மருந்து.

புண் வந்துவிட்டால்?

புண்ணைச் சுரண்டி எடுத்து, எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். பூஞ்சை என்றால் பெரும்பாலும் நாடாமைசின் சொட்டு மருந்து. வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும். வலி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது.

அறுவடை, கதிரடிப்பு நாட்களில் சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாலே ஆபத்தைக் குறைக்கலாம். வயல் வேலைக்குப் போகும் அப்பா, அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்க!