தேங்காய் எண்ணெய் குடித்தால் உடல் எடை குறையுமா? டோக்கெலாவ் தீவுகளில் நடந்தது என்ன?

‘தினமும் வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிச்சா தொப்பை குறையும்’ என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி தகவல் வலம் வருகிறது. தேங்காயை நம்பியே வாழ்ந்த பசிபிக் தீவு மக்கள் ஆரோக்கியமாக இருந்ததை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால், அந்த ஆய்வுகளை முழுசா பார்த்தா கதையே வேற!

தீவு மக்கள் என்ன சாப்பிட்டார்கள்?

நியூசிலாந்தின் ஆளுகையில் உள்ள குட்டித் தீவுக் கூட்டம் டோக்கெலாவ். மருத்துவர் இயன் பிரையர் குழுவினர் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மக்களின் உணவு ஆற்றலில் 63% தேங்காயில் இருந்தே கிடைத்தது. அருகில் வைத்து ஒப்பிடப்பட்ட புகாபுகா தீவில் இது 34%.

தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலாவ் மக்களுக்கு கொலஸ்ட்ராலும் 35 முதல் 40 மி.கி. வரை அதிகமாகவே இருந்தது. ஆனாலும், இரு தீவுகளிலும் ரத்தக்குழாய் நோய்கள் அரிது. தேங்காயோடு அவர்கள் சாப்பிட்டது மீன், சீமைப்பலா, கிழங்கு. சர்க்கரை ரொம்பவே கம்மி.

இடம் மாறியதும் ஏறிய எடை

1966 புயலுக்குப் பிறகு பலர் நியூசிலாந்தில் குடியேறினார்கள். அங்கே நிறைவுற்ற கொழுப்பின் பங்கு சுமார் 50 சதவீதத்தில் இருந்து 41 ஆகக் குறைந்தது. சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடின. விளைவு? உடல் எடை, கெட்ட கொழுப்பு, டிரைகிளிசரைடு ஏறின. நல்ல கொழுப்பு இறங்கியது.

அதாவது, தேங்காய் மட்டும் அவர்களைக் காப்பாற்றவும் இல்லை, தேங்காயைக் குறைத்ததால் மட்டும் எடை குறையவும் இல்லை. மொத்த சாப்பாடும் வாழ்க்கை முறையும்தான் கணக்கு.

அப்போ எண்ணெய் குடிக்கலாமா?

தேங்காய்ப் பத்தையில் நார்ச்சத்து உண்டு, மென்று சாப்பிட வேண்டும். எண்ணெயில் நார்ச்சத்து துளியும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, 11 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. தினமும் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே சுமார் 22 கிராம்தான். பாதி ஒரே கரண்டியில் முடிந்துவிடும்!

எடை குறைப்புக்குப் பேசப்படும் ‘எம்.சி.டி.’ எண்ணெய் தனியாகத் தயாரிக்கப்படுவது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருப்பது வேறு வகையான லாரிக் அமிலம். 2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களைவிட தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பை சுமார் 10 மி.கி. கூட்டியது தெரியவந்தது.

உடல் பருமன் உள்ளவர்கள் கவனிக்க

பொரியலில் தூவும் துருவலைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் எண்ணெயைக் குடிப்பது கூடுதல் கலோரிதான். முதலில் குறைக்க வேண்டியது சர்க்கரை பானம், மைதா, நொறுக்குத்தீனி. சர்க்கரை, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்கள், எண்ணெயை நம்பி அதை நிறுத்தவே கூடாது.