துறைமுகத்துப் பிள்ளைக்கு வழி சொன்னவர்கள்

ஓ.எல். பெறுபேறு வந்த வாரத்தில் திருகோணமலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "ஏ.எல்.லுக்கு என்ன எடுக்கப் போறாய்?" பெரியப்பா கேட்பார், ரியூசன் சேர் கேட்பார், சாமான் வாங்கப் போனால் கடை முதலாளியும் கேட்பார். கலை, வணிகம், உயிரியல், கணிதம், 2013 இல் வந்து சேர்ந்த தொழில்நுட்பம் என்று ஐந்து கதவுகள். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைத் திறந்தால் மற்றவை ஏறக்குறைய மூடிவிடும். கேட்பதற்கு ஊரே இருக்கிறது. பதில் சொல்லத் தடுமாறும் பிள்ளையை இருக்கவைத்து, அது என்ன சொல்ல வருகிறது என்று காது கொடுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பாடசாலையில் அந்த ஆளுக்கு இன்று வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று பெயர். பதவி புதிது. வேலை மட்டும் இந்த ஊரில் வெகு காலமாக நடந்து வருகிறது, வேறு வேறு பெயர்களில்.

நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரில் பையன்களுக்கு வழிகாட்டியது துறைமுகம். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்த இயற்கைத் துறைமுகம் அது. இருபதாம் நூற்றாண்டில் சீனன்குடாக் காட்டுக்குள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. கடற்படையின் டொக்யார்ட்டில் பொருத்துநர், தச்சர், களஞ்சியக் காப்பாளர், எழுதுவினைஞர் என்று வேலைக்கு வகை வகையாக ஆள் எடுத்தார்கள். தகப்பன் உள்ளே இருந்தால் மகனுக்கும் வழி திறந்தது. கொஞ்சம் ஆங்கிலமும் கணக்கும் தெரிந்தால் கந்தோர்ப் பக்கம், தெரியாவிட்டால் பட்டறைப் பக்கம். யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அந்த வழி எவ்வளவு ஆபத்தானது என்பது ஊருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். டொக்யார்ட் சம்பளத்தை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த வீடுகளில் அன்றைக்குப் பேச்சு வேறாக இருந்தது. அப்பன் செய்த வேலை பிள்ளைக்குக் கிடைக்காது என்றால், பிள்ளை என்ன செய்வது? அந்தக் கேள்வி வீட்டிலிருந்து பாடசாலைக்கு நகர்ந்தது.

பாடசாலைகளோ அதற்கு முன்பே ஊரில் வேர்விட்டிருந்தன. புனித சூசையப்பர் கல்லூரி 1867 இல் தோன்றியது. இந்துக் கல்லூரியின் தொடக்கம் 1897. பெண் பிள்ளைகளுக்காகத் தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923 இல் ஆரம்பித்த பாடசாலைதான் பிற்பாடு ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் ஒரு பெண் தானே முன்வந்து பள்ளி தொடங்கியதை வெறும் கல்விச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. சமையலறையையும் கல்யாணத்தையும் தவிர இன்னொரு வழியும் உனக்கு உண்டு என்று இந்த ஊர்ப் பெண் பிள்ளைக்குச் சொன்ன பெரிய ஆலோசனை அந்தக் கட்டடம்தான்.

1920களின் நடுப்பகுதியில் இந்துக் கல்லூரியின் பொறுப்பு சுவாமி விபுலாநந்தரிடம் வந்தது. காரைதீவில் 1892 இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இராமகிருஷ்ண மிஷன் துறவி. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானதையும் 1947 இல் வெளிவந்த யாழ் நூலையும் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கிறது. கிழக்கிலங்கையின் சிறு நகரங்களில் அவர் பள்ளிக்கூட அதிபராகவும் முகாமையாளராகவும் ஓடித்திரிந்த வருடங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பௌதிகம் படித்தால் தமிழ் போய்விடும், தமிழ் படித்தால் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த பெற்றோருக்கு முன்னால், இரண்டையும் ஒரே மனிதன் வைத்திருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. வழிகாட்டலைப் பற்றி எத்தனை கையேடு எழுதினாலும் இப்படி ஓர் உதாரணம் கண்முன்னே நடமாடுவதற்கு ஈடாகாது.

இதே காலத்துக்குச் சற்று முன்பு, இன்னொரு துறைமுக நகரத்தில் இந்த வேலைக்கு முதன்முதலாக அலுவலகம் போட்டார்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம், நோர்த் எண்ட் பகுதி. கப்பலில் வந்திறங்கிய இத்தாலியரும் யூதரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908 ஜனவரியில் அங்கே தொழில் ஆலோசனைப் பணியகம் ஒன்றைத் திறந்தார். உன்னை அறி, தொழிலை அறி, இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நிதானமாக யோசி: அவர் முறையின் சாரம் இவ்வளவுதான். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அவர் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த புத்தகம் மறு வருடம் வெளிவந்தது. உலகமெங்கும் உள்ள பாடசாலை ஆலோசகர்கள் இன்றைக்கும் அவரைத் தங்கள் முன்னோராக எண்ணுகிறார்கள். வந்திறங்கும் சரக்கைப் போலப் பிள்ளைகளையும் கிடைத்த இடத்தில் இறக்கிவிடும் பழக்கத்தைத் துறைமுகத்தின் பக்கத்தில் இருந்த ஒருவரே கேள்விக்கு உட்படுத்தினார் என்பது திருகோணமலைக்காரருக்கு எளிதில் விளங்கும்.

இங்கே மிஷன் பாடசாலைகளில் ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறை எதுவும் இருக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளர் இருந்தார், விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதும் பாதிரியார் இருந்தார். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948 இல் இலங்கைக்கு வந்த யேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட் அப்படிப்பட்டவர். கிழக்கில் ஒரு தலைமுறைக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார். சூசையப்பர் கல்லூரி மாணவர்கள் அவரிடம் பந்தை மட்டுமா கற்றார்கள்? வகுப்பில் வாய் திறக்காத பையன் பயிற்சி முடிந்து வியர்வை துடைக்கும்போது பேசுவான். அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி மட்டக்களப்புக்குப் போகும் வழியில், கூட வந்த இளைஞரோடு அவர் காணாமல் போனார். இன்றுவரை இருவரும் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நிர்வாக மாற்றம் நடந்தது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு உதவி பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. கட்டணமின்றி எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை காண இடமில்லை. கூடவே இடமாற்றமும் வந்தது. இருபது வருடம் ஒரே பாடசாலையில் இருந்து, அண்ணனையும் தம்பியையும் பிறகு அவர்களின் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர்கள் குறைந்தார்கள். பிள்ளையின் வீட்டை அறிந்தவர் சொல்லும் புத்தியும், நேற்று மாற்றலாகி வந்தவர் சொல்லும் புத்தியும் ஒன்றாக இருக்க முடியாது.

1970களில் அரசாங்கம் பாடத்திட்டத்தைப் புரட்டிப்போட்டது. தொழில் முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரில் மீன்பிடி, விவசாயம், கைப்பணி என்று அந்தந்த ஊர்த் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். 1977 ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. தமிழ் இளைஞரின் கோபத்துக்கு அது எப்படி எண்ணெய் ஊற்றியது என்பது தெரிந்த வரலாறு. திருகோணமலையின் கணக்கு யாழ்ப்பாணத்தின் கணக்கிலிருந்து சற்று வேறு. வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இந்த மாவட்டமும் இருக்கிறது; அந்தப் பதினாறு மாவட்டங்களுக்கென ஐந்து வீத இடம் தனியே ஒதுக்கப்பட்டு வந்தது. இஸட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, பாடச் சேர்க்கை என்று இந்த விதிகளை விளங்கிச் சொல்ல ஆளில்லாமல், கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு விண்ணப்பிக்காமலே விட்ட பிள்ளைக்கு ஒதுக்கீட்டால் என்ன பயன்?

யுத்தம் வந்த பிறகு கேள்வியே மாறிப்போனது. என்ன படிப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு முன்னால், நேற்றிரவு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லும் பிள்ளை வந்து நின்றது. தொழில் வழிகாட்டலுக்குப் பழகிய வாய் அதற்கு என்ன சொல்லும்? ஈழத் தமிழில் சீர்மியம், உளவளத்துணை, மனவடு ஆகிய சொற்கள் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் உளநலத்தைத் தமிழில் எழுதி, ஆசிரியர்களின் கையில் கொடுத்தார்கள். மட்டக்களப்பில் 1996 இல் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் திறந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். 1997 இன் கல்விச் சீர்திருத்தங்களும் வழிகாட்டலையும் ஆலோசனையையும் பாடசாலையின் கடமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டன.

தேவை எவ்வளவு என்பதற்கு வன்னியில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமாதானக் காலத்தில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் கடுமையான கொடுமை எதையாவது அனுபவித்திருந்தார்கள். கால்வாசிப் பேரிடம் மனவடு நோயாகவே முற்றியிருந்தது. அந்த ஆய்வாளர்கள் செய்த நல்ல காரியம், உள்ளூர் ஆசிரியர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தது.

2004 டிசம்பர் 26. கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் கடல் அடித்துப்போனது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிண்ணியா வைத்தியசாலையையே அலை அழித்தது. சில வாரங்களுக்குள் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். தமிழ் தெரியாதவர்கள், மொழிபெயர்ப்பாளரோடு முகாமுக்குள் நுழைந்து, பயத்தைப் படமாகக் கீறச் சொன்னார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சிலர், துயரப்பட்ட எல்லாரையும் மனநோயாளராகப் பார்க்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான் அநேகர். ஆனாலும் திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். பிள்ளை யாரிடம் தன் கதையைச் சொன்னதோ அந்த ஆள் பிறகு இல்லை.

குறுகிய காலத் திட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பிற்பாடு யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வொன்றும் காட்டியது. 399 பிள்ளைகளைத் தெரிந்து, ஒரு பகுதியினருக்கு வகுப்பறையில் பதினைந்து அமர்வுகள் நடத்தினார்கள். ஆண் பிள்ளைகளிடம் சில நன்மைகள் தெரிந்தன. பெண் பிள்ளைகளிலோ, அமர்வுகளில் சேராதவர்களிடமே மனவடுவின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. அமர்வுகளே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வீட்டிலும் வீதியிலும் பிள்ளைக்கு இன்னும் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு தொடர்ந்து கூட நிற்பவர் வேண்டும்.

கடல் அடித்து ஒரு வருடம் கழித்து, 2006 ஜனவரி 2 ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது வயதைத் தொட்டவர்கள். ஊரே மெச்சிய கெட்டிக்காரர்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். நன்றாகப் படி, எதிர்காலம் இருக்கிறது என்று அந்த ஜனவரியில் ஒரு வகுப்பறைக்குள் போய்ச் சொல்ல வேண்டியிருந்த ஆசிரியரின் நிலையை எந்தப் பயிற்சிநெறியும் எதிர்பார்த்திருக்காது.

இன்றைக்கு இந்தப் பதவியில் இருப்பவர் இரண்டு வேலை பார்க்கிறார். ஒன்று பார்சன்ஸ் தொடங்கிவைத்தது: பாடத் தெரிவு, தொழிற்பயிற்சி, பல்கலைக்கழக அனுமதிக் கைநூல். மற்றது யுத்தமும் கடலும் கொண்டுவந்து போட்டது: வீட்டில் அடி, வெளிநாட்டில் தாய், வரவு இடாப்பில் தொடர்ந்து விழும் வெற்றுக் கட்டங்கள். இவற்றுக்கு இடையில் அவர் பாடமும் எடுக்கிறார், வராத ஆசிரியரின் வகுப்பையும் பார்க்கிறார். தனி அறை இல்லாத பாடசாலையில் விறாந்தை மூலையில்தான் கதைக்க வேண்டும். போவோர் வருவோர் எல்லாரும் பார்ப்பார்கள். அங்கே போய் இருக்கும் பிள்ளையை மறுநாள் வகுப்பில் பைத்தியம் என்று பட்டம் வைத்துக் கூப்பிடுவார்கள். கேட்டதை வெளியே விடாமலிருப்பது இந்த வேலையின் அத்திவாரம். பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் அதிபர், நன்னடத்தை உத்தியோகத்தர், வைத்தியசாலை, 1929 என்ற சிறுவர் தொலைபேசி என்று விடயம் அறையைத் தாண்டிப் போகலாம். இத்தனை நுட்பமான வேலையை மிஞ்சிய பாடவேளைக்குள் அடக்குவது அநியாயம். ஆசிரியருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம்.

இந்த வேலை எப்படிப்பட்ட பிள்ளைக்காக என்று பார்க்கச் சம்பூரை எடுத்துக்கொள்ளலாம். துறைமுகத்தின் தெற்கே, கொட்டியார்க் குடாவின் கரையில் இருக்கும் அந்த ஊர் 2006 இல் முழுதாக இடம்பெயர்ந்தது. காணியின் ஒரு பகுதியில் கடற்படை முகாம் அமைந்தது. இன்னொரு பகுதியைக் கைத்தொழில் வலயம் என்று ஒதுக்கினார்கள். அனல் மின் நிலையம் வரும் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடி, 2016 இல் நின்றுபோனது. அந்த வருடமே முகாமும் விலகி, பாடசாலைக் காணியும் மக்களிடம் திரும்பியது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் நிலையத்துக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. இடம்பெயர்ந்த வருடத்தில் பிறந்த பிள்ளை ஒன்று, ஊர்ப் பாடசாலை திரும்பிக் கிடைத்தபோது ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் வயதில் இருந்திருக்கும். கொரோனா பாடசாலையை மூடிய காலத்திலும் எரிபொருள் வரிசை நீண்ட காலத்திலும் அது ஓ.எல்.லுக்குப் படித்திருக்கும். பெறுபேறு வந்த வாரத்தில் அதனிடமும் யாரோ கேட்டிருப்பார்கள், ஏ.எல்.லுக்கு என்ன எடுக்கப் போறாய் என்று.