எந்தப் போர் விமானம் கெட்டிக்கார விமானம்?

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும் கிள்ளான் தேநீர்க் கடையானாலும், நான்கு இளைஞர்கள் கூடினால் ஒரு வாதம் கிளம்பும். ரஷ்யப் போர் விமானம் சிறந்ததா, அமெரிக்கப் போர் விமானம் சிறந்ததா? இதற்குப் பதில் தேட வெளியே போக வேண்டாம். இரண்டையும் வாங்கி ஓட்டிப் பார்த்த நாடு நம் மலேசியா.

1969-இல் ஆஸ்திரேலியா அன்பளிப்பாகத் தந்த சேபர் விமானங்களும், 1975-இல் அமெரிக்காவின் எஃப்-5 விமானங்களும் வந்தன. 1995-இல் ரஷ்யாவின் 18 மிக்-29 விமானங்கள் வந்து சேர்ந்தன. பயிற்சி தந்தது இந்திய விமானப்படை. 1997-இல் அமெரிக்காவின் 8 ஹார்னெட் விமானங்கள் வந்தன.

மிக்-29 ஒலியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகம். ஹார்னெட்டுக்கு ஏறக்குறைய 1.8 மடங்குதான். காகிதத்தில் மிக் ஜெயித்துவிட்டது! ஆனால் அதன் எஞ்சினை அடிக்கடி கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும். இன்று மிக் நம் சேவையில் இல்லை. வேகம் குறைந்த ஹார்னெட், 2013-இல் லகாட் டத்து ஊடுருவலின்போது களமிறங்கியது.

அடுத்து சுகோய்-30. 2003-இல் ஒப்பந்தம், 2007-இல் வருகை, மொத்தம் 18. எஞ்சின் வாயையே திருப்பி வானில் வித்தை காட்டும். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 3,000 கிலோமீட்டர் பறக்கும். நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் 2007-இல் விண்வெளிக்குச் சென்றதும் இந்த ஒப்பந்தத்தின் பலனே.

இத்தனை பெருமை இருந்தும் 2018-இல் நடந்தது என்ன? 18 சுகோய்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் உள்ளதாக அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பராமரிப்பும் உதிரிப் பாகங்களும்தான் பிரச்சினை. அதற்கு முன்பே, தலைநகரின் சுங்கை பீசி தளத்திலிருந்து எஃப்-5 விமானத்தின் 2 எஞ்சின்கள் களவு போன செய்தி 2009-இல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது.

2021 மே 31-ஆம் தேதி, 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் கடற்பகுதியை நெருங்கின. அவற்றை நோக்கி லாபுவானிலிருந்து உடனே கிளம்பியது எது தெரியுமா? ஒலியின் வேகத்தைக்கூட எட்டாத சிறிய ஹாக் விமானம். பக்கத்தில் இருந்தது, தயாராக இருந்தது. அவ்வளவுதான்.

2023-இல் 18 தென் கொரிய எஃப்.ஏ-50 விமானங்களுக்கு லங்காவியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன் வேகம் சுகோயைவிடக் குறைவு. ஆனால் ஹார்னெட்டில் உள்ள எஞ்சின் வகையே இதிலும் இருப்பதால், நம் தொழில்நுட்பர்களுக்கு அது புதியதல்ல.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை வாதம் கிளம்பும்போது வேகத்தையும் ஏவுகணையையும் தாராளமாகப் பேசுங்கள். கூடவே, நாளைக் காலையில் எத்தனை விமானம் மேலே கிளம்பும் என்றும் கேளுங்கள். வரி கட்டும் நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.