ஷேக்ஸ்பியர் பொன்மொழிகளும் தமிழரின் கூற்று மரபும்

ஆங்கிலக் கவிஞர் ஷேக்ஸ்பியர் (1564–1616) தமிழ் மாணவர் பலருக்குப் பாடநூல் வழியாகவே அறிமுகமானார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் ஆங்கிலக் கல்வி பரவிற்று. அவர்தம் நாடகங்களும் பரவின. வாழ்வையும் மனித இயல்பையும் பற்றிய அறிவுரை வரிகள் மனப்பாடத்திற்கு எளியன. ஆதலின் அவை நாவில் நிலைத்தன. அவற்றைப் பேசிய பாத்திரங்களோ மறக்கப்பட்டன.

இம்மறதியால் பொருளே திரிகின்றது. நற்பெயரின் அருமையை ஒத்தெல்லோவிடம் உருக்கமாக எடுத்துரைப்பவன் வஞ்சகன் இயாகோ. முன்னர்க் காசியோவிடம் அதே நற்பெயரைப் பயனற்றதென எள்ளியவனும் அவனே. 'ஹாம்லெட்' நாடகத்தில் மகனுக்கு நன்னெறி பல கூறி வழியனுப்பும் பொலோனியஸ், பின்னர் அம்மகனையே வேவுபார்க்க ஆளனுப்புகின்றான். இவற்றைக் கவிஞரின் அறவுரை என மேடையில் முழங்குவது பொருந்துமா?

சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் அந்நாடகங்களை முழுமையாக நோக்கி, வாழ்க்கை விளக்கங்களாகக் கண்டார். லியர் மன்னன் கதையை இந்திய அரசியலோடு இணைத்து ஆராய்ந்த அவர் நூல் 1900இல் வெளிவந்தது. அக்கல்லூரியிலேயே பயின்று, பின் அங்கேயே தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் (1870–1903) 1897இல் 'நாடகவியல்' இயற்றி நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' எனவும், வெனிஸ் நகர வணிகனை 'வாணிபுர வணிகன்' எனவும் தமிழாக்கினார். ஏட்டில் தனித்து நின்ற மொழிகளுக்குப் பேசுவோரும் கேட்போரும் மேடையில் மீண்டும் வாய்த்தனர்.

இந்நோக்கு நமக்குப் புதிதன்று. செய்யுளுக்குரிய 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணுகின்றது. தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டால் அகப்பாட்டின் பொருள் சிதையும். திருக்குறளில் அறம் உரைப்பவர் பெரும்பாலும் வள்ளுவரே. எனினும் காமத்துப்பாலில் அவரும் தலைவனையும் தலைவியையும் பேசவிடுகின்றார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிக் கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. கவியரங்கில் கைதட்டல் பெறும் அறிவுரை வரி எளிதில் பிறக்கும். அதனை யார், யாரிடம், எந்நிலையில் கூறுகின்றார் என்று தெளிந்து எழுதினால், அவ்வரியில் ஒரு மனிதரும் உயிரோடு நிற்பார். ஷேக்ஸ்பியரிடம் நாம் பெறவேண்டிய பொன்மொழி அவ்வாற்றலே.