நடுவட்டம் சிறையும் நம்ம சிங்கப்பூரும்

கொஞ்சம் நீளமான பதிவு. மார்கழி காலைப் பூஜைக்கு வர்றவங்க எல்லாம் "ஊட்டி எப்படி இருந்துச்சு, குளிரா?" என்று கேட்டுக்கிட்டே இருக்கீங்க. குளிர்தான். ஆனா குளிரைப் பத்தி எழுத இவ்வளவு இடம் தேவையில்லை. ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவுல நடுவட்டம்னு ஒரு ஊர் இருக்கு. அந்த மலையில 1860-களில், நீரிணைக் குடியேற்றங்கள் என்று அப்போ பெயர் வாங்கியிருந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதியிலிருந்து கப்பலேற்றப்பட்ட சீனக் கைதிகள் வேலை செஞ்சிருக்காங்க. நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து கைதிகளா இங்கே வந்த கதை ஓரளவு தெரியும். இங்கிருந்து அங்கே போனவங்க கதை பெரும்பாலும் தெரியாது. அதைத்தான் சொல்லப் போறேன்.

இந்தத் தடவை கூட வந்தவர் பொங்கோல்ல என் பக்கத்து பிளாக்கில் இருக்கிற சீன நண்பர். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும்போது பெட்டி தூக்க வருவாரே, அவர்தான். பிறந்ததிலிருந்து குளிர்காலமே பார்த்ததில்லை, பனின்னா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தார். கூடலூர்ல எங்க சித்தி வீடு இருக்கு, வாங்க என்று கூட்டிட்டுப் போனேன்.

கோயம்புத்தூர்ல இறங்கி, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியா ஏறினோம். பல்சக்கர ரயில் பத்தி எல்லாருமே எழுதியாச்சு. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும், 46 கிலோமீட்டர். நான் அதிகம் சொல்லல. ஊட்டியில முதல் நாள் விடியற்காலை தலைகுந்தா பக்கம் கூட்டிட்டுப் போனேன். நவம்பர்ல நீர்ப்பனி, அப்புறம் டிசம்பர், ஜனவரியில உறைபனி. இது வானத்திலிருந்து கொட்டுற பனி இல்லை. இரவு வானம் மேகமில்லாம இருந்தா நிலத்துச் சூடு எல்லாம் மேலே போயிடும். குளிர்ந்த காத்து பள்ளத்துல இறங்கித் தேங்கும், புல்லு மேல ஈரம் அப்படியே உறைஞ்சிடும். மேட்டுல இருக்கிற தேயிலை தப்பிச்சிடும், பள்ளத்துல இருக்கிறது கருகிப் போகும். நண்பர் உள்ளங்கையால புல்லைத் தடவி, விரலை நக்கிப் பார்த்தார். "பழைய ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவரோட விமர்சனம்!

அந்தப் பருவத்துல மலை முழுக்க வழிபாட்டு நேரம். தோடர்களுக்கு மொற்பர்த் பண்டிகை, படகர்களுக்கு ஹெத்தையம்மன் விழா. வெள்ளை உடுத்தி விரதம் இருந்து பேரகணிக்கு நடந்தே போவாங்க. அதுக்குத் தனிப் பதிவு வேணும், இன்னொரு நாள் எழுதுறேன். இப்போ நடுவட்டத்துக்கு வர்றேன்.

ஊட்டியிலிருந்து பைக்காரா தாண்டி மேற்கே போனா நடுவட்டம். அங்கே ஒரு பழைய சிறைக் கட்டடம் இருக்கு. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ, பராமரிக்குது. உள்ளே போய்ப் பார்க்கலாம். சின்னச் சின்ன அறைகள், தடிச்ச சுவர். நம்ம ஊர்ல இந்தச் சுவர் குளிர்ச்சிக்கு நல்லதுன்னு சொல்லுவோம். டிசம்பர்ல அந்த மலையில, கல்தரையில, ஒரு கம்பளியோட படுத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மலை மேல எதுக்குச் சிறை? காரணம் ஒரு மரப்பட்டை. சிங்கோனா. அதிலிருந்துதான் குயினைன் எடுத்தாங்க. மலேரியாவுக்கு அன்றைக்கு உருப்படியான மருந்து அது ஒண்ணுதான். குயினைன் இல்லாம வெள்ளைக்காரன் பட்டாளம் வெப்ப நாடுகளில் தாக்குப்பிடிக்காது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860, 1861-ல் நாற்றும் விதையும் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் அதை தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். மரத்தை வெட்டாம, பட்டையை நீளநீளமா உரிச்சு, உரிச்ச இடத்துல பாசியை வெச்சுக் கட்டுவார். பட்டை மறுபடி வளரும். கெட்டிக்கார வேலைதான். ஆனா காட்டை அழிக்கணும், சரிவுல குழி வெட்டணும், பாதை போடணும். அதுக்கு ஆள் வேணும், கூலி குறைவா வேணும். கூலியே வேண்டாம்னா இன்னும் நல்லது. கைதிகள் வந்தது அப்படித்தான்.

இன்னொரு பக்கம், நீரிணைக் குடியேற்றங்களில் சிறைகளில் இடம் பத்தல. அங்கே தண்டனை பெற்ற சீனர்களைச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினாங்க. அன்றைக்குச் சிங்கப்பூரை ஆண்டதும் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கம்தான். அதனால ஒரு அலுவலகத்துலேர்ந்து இன்னொரு அலுவலகத்துக்குக் கோப்பு நகர்ற மாதிரி ஆட்களை நகர்த்த முடிஞ்சது. அப்படிச் சென்னைக்கு வந்தவங்களில் சிலர்தான் மலை ஏறினாங்க. லவ்டேலில் இன்றைக்கு லாரன்ஸ் பள்ளி இருக்கிற இடத்துக் கட்டட வேலைக்கும் கைதிகளைப் பயன்படுத்தினாங்க.

இங்கே ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். நீலகிரியில யாரைக் கேட்டாலும் "அவங்க ஓபியம் போர்க் கைதிகள், அவங்கதான் இங்கே தேயிலை போடக் கத்துக்கொடுத்தாங்க" என்பாங்க. சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த மாவட்டத்தின் பழைய அரசாங்க விவரச் சுவடிகள் இவர்களை நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள் என்றுதான் சொல்லுது. முதல் ஓபியம் போர் 1842-லேயே முடிஞ்சிடுச்சு, சிங்கோனா நட்டது அதுக்கு இருபது வருஷம் கழிச்சு. "போர்க் கைதி"ன்னா ஒரு கௌரவம் இருக்கு, "குற்றவாளி"ன்னா இல்லை. அதனாலதான் ஊர் வாய் அந்தக் கதையைப் பிடிச்சுக்கிச்சுன்னு நினைக்கிறேன். கௌரவம் போனாலும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னாத்தான் அவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியும். சிங்கப்பூர்க்காரங்களான நமக்கு அது முக்கியம்.

உள்ளது எல்லாம் இனிமையாவும் இல்லை. 1867 ஜூலை கடைசியில், கடும் மழைக்காற்று வீசின ஒரு இரவு, சீனக் கைதிகள் 12 பேர் தப்பிச்சாங்க. போலீஸ் படைகள் மலை முழுக்கத் தேடிச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மலபார் பக்கம் பிடிபட்டபோது அவங்க கையில போலீஸ் ஆயுதங்கள் இருந்துச்சு. தேடப் போன ஒரு போலீஸ் குழுவையே காணோம். செப்டம்பர் நடுவில், சிஸ்பாரா மலைப்பாதையில் வாலகாட் என்ற இடத்தில், நாலு போலீஸ்காரங்களோட உடல்கள் தலை வெட்டப்பட்டு வரிசையாக் கிடந்துச்சு. நடுவட்டத்துச் சிறை வாசல்ல நின்னு நான் இதைச் சொன்னப்போ நண்பர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்த நாலு பேரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்கதானே" என்றார். ஆமா. மழையில காட்டுக்குள்ள போகச் சொன்னா போக வேண்டியவங்க.

தேதியைக் கவனிச்சீங்களா? 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்திடமிருந்து பிரிஞ்சு நேரா லண்டன் ஆட்சிக்குப் போயிடுச்சு. அந்த 12 பேரும் ஓடினது ஜூலையில. அவங்களை அனுப்பின இடத்துக்கும் வெச்சிருந்த இடத்துக்கும் இருந்த ஆட்சித் தொடர்பு நாலு மாசத்துக்கு முன்னாடியே அறுந்து போச்சு. மலை மேல இருந்தவங்களுக்கு அதை யாராவது சொல்லியிருப்பாங்களா?

இனி இந்தப் பக்கம். ராஃபிள்ஸ் காலத்து பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதும், அங்கிருந்த இந்தியக் கைதிகளை 1825-ல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தாங்க. சென்னை மாகாணத்து ஆட்களும் வங்காளத்து ஆட்களும் அதில் உண்டு. சதுப்பை மூடி, ரோடு போட்டு, பாறை உடைச்சது அவங்க. பிராஸ் பசா பக்கம் அவங்க சிறை. காவலுக்கு ஆள் போதாம, நல்லபடி நடந்த கைதிகளையே மத்த கைதிகளுக்குக் காவலாக்கினாங்க. மேற்பார்வை அதிகாரியா இருந்த மெக்நாயர் பின்னாளில் அந்த ஏற்பாட்டையே தலைப்பாக வெச்சு ஒரு புத்தகம் எழுதினார். இன்றைக்கு அதிபர் இருக்கிற இஸ்தானா அவங்க கட்டினது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவங்க கை. அதோட சுவருக்குச் சென்னைச் சுண்ணாம்பு பூசினாங்க. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் போட்டுக் குழைச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணி விட்டு, காய்ஞ்சதும் கல்லால தேய்ச்சுப் பளபளப்பாக்குவாங்க. நம்ம ஊர்ப் பழைய வீட்டுத் தூண்ல முகம் தெரியுமே, அதே வித்தை.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கைதிகளை வெச்சு அரசாங்கம் செங்கல் சூளை நடத்துச்சு. அதே ரோட்டைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்லுவாங்க. தேக்காவுக்கு நாம மளிகை வாங்கப் போற வழி அது. 1873-ல் சிங்கப்பூர்ல கைதி முறை முடிஞ்சப்போ, தண்டனை பாக்கி இருந்தவங்களை அந்தமானுக்கு அனுப்பினாங்க. விடுதலையானவங்க பலர் இங்கேயே கல்யாணம் பண்ணி, மாடு மேய்ச்சு, வண்டி ஓட்டி, கூட்டத்தோட கூட்டமாக் கலந்துட்டாங்க.

நடுவட்டத்துலயும் அதேதான் நடந்திருக்கு. தண்டனை முடிஞ்ச சீனர்கள் சிலர் திரும்பிப் போகல. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில சரிவுல குடியேறினாங்க. காய்கறி போட்டாங்க, கொஞ்சம் காப்பி வெச்சாங்க, மாடு வளர்த்துப் பால் வித்தாங்க. ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண்கள் அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டு முடியுற சமயத்துல சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். அந்த மனுஷனுக்கு யாரைப் பார்த்தாலும் மூக்கை அளக்கணும், இவங்களையும் விடல. அளவுகோலை ஒதுக்கி வெச்சுட்டுப் பார்த்தா, அவர் குறிப்புல எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான்: நேர்மையா உழைச்சுப் பிழைக்கிறாங்க என்கிறார். தலைமுறை தலைமுறையா ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்கள்தான், நாட்டை விட்டே வெளியேத்தப்பட்டவங்களுக்கு வீடு கொடுத்திருக்காங்க. இதை நான் ரொம்பப் பெரிய விஷயமா நினைக்கிறேன்.

சித்தப்பா ஹட்டன் பக்கம் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாச்சே, அந்தக் கணக்குல ஒருத்தர். அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கின திட்டம்தான் பின்னாடி டான்டீ ஆச்சு. இப்போ அந்தச் சிறைக் கட்டடத்தைப் பார்த்துக்கிறதும் அதே டான்டீ. சீனக் கைதிகள் கதையைக் கேட்டுட்டு சித்தப்பா சொன்னது: "எங்களையும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினாங்க. எங்க கையெழுத்து இல்ல, அவங்க கையெழுத்து."

நாங்க கூடலூர்ல இருந்தப்போதான் சீனர்களோட குளிர்காலத் திருநாள் வந்துச்சு. டிசம்பர் 21, 22 வாக்குல வரும், அன்னிக்குக் குடும்பமா உட்கார்ந்து பாகுல மிதக்கிற மாவு உருண்டை சாப்பிடுவாங்க. நண்பர் ஊர் நினைவுல இருந்தார். சித்தி கேட்டுட்டு, "இதென்ன பிரமாதம், நம்ம பால் கொழுக்கட்டைதானே தம்பி" என்று வெல்லப்பாகுல செஞ்சு கொடுத்தாங்க. அவர் ஒரு கிண்ணத்தைத் தனியா எடுத்து வெச்சு, மறுநாள் நடுவட்டம் வரைக்கும் மடியிலேயே வெச்சுக் கொண்டுவந்தார். "அவங்களுக்கு ஒரு கல்லாவது இருக்கா?" என்று கேட்டார். நான் பார்த்த வரைக்கும் இல்லை. சிறைச் சுவருக்கு வெளியே, தேயிலை ஓரமா வெச்சு, மூணு தடவை குனிஞ்சு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த நாலு போலீஸ்காரங்களுக்கும் சேர்த்து.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ் பெரும்பாலும் நடுவட்டம் வழியாத்தான் போகும். காலையில போங்க, மதியத்துக்கு மேல மேகம் இறங்கிடும். சுவெட்டர் ஒண்ணு போதாது.

கடைசியா ஒரு உதவி. கூடலூர், நடுவட்டம், பந்தலூர், தேவாலா பக்கம் சொந்தம் உள்ளவங்க நம்ம கோவில் தொண்டூழியர்கள்லேயே சில பேர் இருக்கீங்க. "எங்க பாட்டிக்குப் பாட்டி கட்டிக்கிட்டது ஒரு சீனாக்காரரை" என்கிற பேச்சு வீட்டுப் பெரியவங்க வாயில எப்பவாவது வந்திருந்தா, எனக்குத் தனியா எழுதுங்க. பெயர் வெளியே வராது. நண்பரும் அவர் ஊர்ச் சங்கத்துல விசாரிக்கிறதாச் சொல்லியிருக்கார்.