தாளைத் தாங்கிய காற்று

பிரான்சில் கோல்மார் நகருக்கு அருகே ஒரு பஞ்சாலை. அங்கே வேலை பார்த்த கஸ்தாவ் அடோல்ஃப் ஹிர்னுக்கு எண்ணெய்ச் செலவுதான் தலைவலி. அருப்புக்கோட்டை மில்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கதிர் சுழலச் சுழல எண்ணெய் குடிக்கும். எந்த எண்ணெய் மலிவு, எது உராய்வைக் குறைக்கும் என்று சோதித்துக்கொண்டே போனவர், காற்றே எண்ணெயின் வேலையைச் செய்யும் என்று 1854-ல் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்ணெய்க்குள் ஒளிந்திருந்த ரகசியம் முதலில் வெளிவர வேண்டியிருந்தது.

1883, இங்கிலாந்து. ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்த போஷாம்ப் டவர், எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே பொங்கியது. மரத்தக்கையை அடித்து இறுக்கினார். அதையும் பிதுக்கித் தள்ளியது. அழுத்தமானியை மாட்டினால், முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இடுக்குக்குள் இழுத்துத் திணிக்க, அதன்மேல் பேரிங் மிதந்துகொண்டிருந்தது! 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். எண்ணெய்தான் வேண்டும் என்று அந்தக் கணக்கு அடம்பிடிக்கவில்லை.

அதைப் படிக்காமலே காற்றிடம் போய்ச் சேர்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஆல்பர்ட் கிங்ஸ்பரி. 1890-களின் தொடக்கத்தில் வேறொரு சோதனைக்காக 6 அங்குல பிஸ்டனும் சிலிண்டரும் செய்து வைத்திருந்தார். நிமிர்த்தி வைத்துக் கையால் சுற்றிவிட்டார். பிஸ்டன் நிற்கிற வழியாக இல்லை. படுக்க வைத்து வேகமாகச் சுற்றினார். இரும்பில் இரும்பு படவில்லை. சொட்டு எண்ணெய் கிடையாது! பிறகு 50 பவுண்டு எடையில் ஒன்றைச் செய்து வாஷிங்டனில் கடற்படைப் பொறியாளர்களிடம் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர்தான் ரெனால்ட்ஸின் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். அதைப் படித்து கிங்ஸ்பரி உருவாக்கிய எண்ணெய் பேரிங், 1912-ல் ஒரு நீர்மின் நிலையத்தில் ஏறி அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. 1897-ல் அவர் வெளியிட்ட காற்றுக் கட்டுரை ஓரமாய்க் கிடந்தது. அடுத்த முறை காற்று தலைகாட்டியபோது, எதிரியாக வந்தது.

காகித ஆலைகள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஓடும் தாள் காற்றையும் ஒட்டி இழுத்துவந்தது. உருளையில் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது, ஓரம் விலகியது. காற்று வெளியேற உருளைகளில் பள்ளம் வெட்டினார்கள். அப்புறம்தான் சிலருக்கு உறைத்தது: தாளைத் தொடவே கூடாத இடத்தில் இதே காற்றை நாமே ஊதினால்?

குழாயில் பொடித்துளைகள் போட்டு அழுத்தக் காற்றை விட்டார்கள். பூச்சு காயாத தாள் அதைத் தொடாமலே வளைந்து திரும்பியது. காற்றின் பிசுபிசுப்பு மெஷின் எண்ணெயுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உராய்வும் அந்த அளவுக்குச் சொற்பம். தாளில் எண்ணெய்க் கறையும் படியாது.

பந்தல்குடி டீக்கடை பெஞ்சில் கை மாறிக் கிடக்கும் தினசரி அந்த வழியில் வந்ததுதான். ரோட்டரி அச்சு இயந்திரத்தில் ஈர மையோடு பறக்கும் தாளை மடிப்புப் பகுதிக்குத் திருப்ப, 45 டிகிரியில் சாய்ந்த ஒரு கம்பி உண்டு. அது சுழலாது. அதன் துளைகளிலிருந்து சீறும் காற்றின்மேல்தான் தாள் திரும்புகிறது. காற்று நின்றால் மை இழுபடும், தாள் அறும்.